பக்ஸ்டன் வீட்டுக் கதவு

பிப்ரவரி 9, 1988. செவ்வாய்

மூடுபனி. கோயில் கோபுரத்தில் பாதிக்கு மேல் காணோம். பேராயரிடமிருந்து கடிதம்: ஈஸ்டருக்குள் ஒவ்வொரு சபையும் ஊரிலுள்ள வீடுகளுக்குப் போய் நற்செய்தி சொல்லி ஆராதனைக்கு அழைக்க வேண்டுமாம். இருபத்து மூன்று வருஷமாக இந்தக் கடலோரச் சிற்றூரில் குருவாக இருக்கிறேன். கூப்பிடாமல் ஒரு வீட்டுக்கும் போனதில்லை. ஞாயிறு ஆராதனைக்கு வருவது ஒன்பது பேர். எங்களுக்குப் பழைய ஜெபப் புத்தகமும் நீண்ட மௌனமும் போதும் என்றே இருந்துவிட்டேன்.

கோயில் நிர்வாகி மிசஸ் ஹார்கட் கடிதத்தைப் படித்துவிட்டு, "வீடு வீடாக் கதவைத் தட்ட நாம என்ன பிரஷ் விக்கிறவங்களா, ஃபாதர்?" என்றாள். சிரித்தேன். உள்ளூர நிம்மதி. நிம்மதியா, கோழைத்தனமா?

பிப்ரவரி 17. சாம்பல் புதன்

ஒன்பது நெற்றிகளில் சாம்பல் இட்டேன். எல்லாம் சுருக்கம் விழுந்தவை. இவர்களுக்குப் பிறகு?

நாளைக்கே போக வேண்டும்.

பிப்ரவரி 18

போனேன். சேற்றுக்கரை ஓரத்து முதல் வீடு, மட்டிச் சிப்பி தோண்டும் ரூபன் பக்ஸ்டனுடையது. பனியில் அது மிதப்பதுபோல இருந்தது. மனப்பாடம் செய்துவைத்த அழைப்பை ஆரம்பித்தேன்.

"எம் பொண்டாட்டி பேரு ஐடா," என்றார் ரூபன்.

அதை ஏன் சொல்கிறார் என்று கேட்டேன்.

"அவ அடக்கத்தன்னைக்கு மூணு தடவ 'ஆடா'ன்னு பேரைச் சொன்னீங்க. பதினோரு வருஷமாச்சு. யாரை வழியனுப்பி வெச்சீங்கன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. நான்தான் திரும்பி நடந்தேன். ஒரு மன்னிப்புக்கூடக் கேக்கலை - என்ன மனுஷன் நான்!

பிப்ரவரி 19

கோயிலின் அடக்கப் பதிவேட்டைப் பார்த்தேன். என் கையெழுத்தில் ஐடா என்றுதான் இருக்கிறது.

பிப்ரவரி 25. வியாழன்

மறுபடி போய் மன்னிப்புக் கேட்டேன். "உக்காருங்க," என்று மட்டும் சொன்னார். வேகவைத்த மட்டியில் வினிகர் ஊற்றிக் கொடுத்தார். ஆராதனையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. "உங்க மனைவி எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டேன்.

யாரும் அதைக் கேட்டதில்லையாம். காட்டு வாத்துகள் வடக்கே போகும் நாளில் ஐடா அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் அவற்றுக்குக் கையசைப்பாளாம். அவர் பேசப் பேச ஜன்னல் வெளிச்சம் சாம்பலிலிருந்து முத்து நிறமானது. கடலுக்கடியில் எங்கோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது எனக்கு.

மார்ச் 10

வியாழன்தோறும் போகிறேன். நற்செய்தி? இதுவரை அவர்தான் சொல்கிறார்.

மார்ச் 24

"மறுபடி ஒரு தடவ படிப்பீங்களா, ஃபாதர்? அவ பேரைச் சொல்லி."

கடல்நீர் வடியும் நேரத்தில் கல்லறைத் தோட்டத்தில் நின்றோம். அடக்க ஆராதனையை முதலிலிருந்து வாசித்தேன். பெயர் வரும் இடத்தில் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார். "ஐடா," என்றேன். தொப்பியைக் கையில் பிடித்திருந்தவர் ஆமென் சொல்லவில்லை. "ம்" என்றார்.

பீடத்துக்குப் பூப் பறிக்க வந்த மிசஸ் ஹார்கட் மதிலோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ரூபன் போனதும், "அடுத்து எந்த வீடு? நானும் வர்றேன்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிரஷ் விக்கத்தான்," என்றாள்.

ஏப்ரல் 3. ஈஸ்டர்

அதே ஒன்பது பேர். ரூபன் வரவில்லை. எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். நற்கருணைக் கிண்ணத்தைத் தூக்கும்போதும் ஒரு கண் வாசலில்தான் இருந்தது.

ஏப்ரல் 14. வியாழன்

மிசஸ் ஹார்கட்டும் நானும் புறப்பட்டபோது சந்து முனையில் ரூபன், சேற்று பூட்ஸோடு. "படகுத்துறை வீட்டுல மார்ஜரி தனியாக் கெடந்து தவிக்கிறா. புருஷனால இனி எந்திரிக்க முடியாதாம். நீங்களாப் போனா கதவு தெறக்க மாட்டா."

அவர் முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால். பனி கலைந்து நாணல் காடு முழுக்க வெளிறிய பொன்னாகக் கிடந்தது. அவரே தட்டினார். கதவு ஒரு விரற்கடை திறந்தது.

"பயப்படாதே மார்ஜரி. இவரு நம்ம ஃபாதர். பேசறதவிட நல்லாக் கேப்பாரு."

நம்ம, என்றார்.

உள்ளே போனோம்.