ஒரே நேரத்தில் முப்பத்திரண்டு

மார்ச் 4, செவ்வாய்

காலை பத்தரைக்கு மேல் ஓர் எக்ஸ்ரே படம் கணினியில் திறக்க நாற்பது வினாடி ஆகிறது. மருத்துவர்கள் என் அறைக்குப் போன் செய்து கத்துகிறார்கள். படங்களைச் சேமிக்கும் வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம் என்கிறார் துறைத் தலைவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். "ஹார்டு டிஸ்க்கெல்லாம் பழசாயிடுச்சு மேடம். நாமளும்தான்." அந்த 'நாமளும்' யாரைக் குறிக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அடுத்த வெள்ளிக்கிழமை முடிவு. கொடுத்துவிட்டால் என் பிரிவே இருக்காது.

மார்ச் 5

டிஸ்க்குகள் எல்லாவற்றையும் சோதித்தேன். ஒன்றிலும் கோளாறு இல்லை. பிறகு ஏன்?

மார்ச் 6

கண்டுபிடித்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஒரு டிஸ்க் முப்பத்திரண்டு கட்டளைகள் வரை ஒன்றாகக் கையில் வாங்கிக்கொள்ளும். உள்ளே தகவலைப் படிக்கும் முனை நகரும் வழிக்கு எது வசதியோ அந்த வரிசையில் முடித்துத் தரும். இங்கே அந்த எண் ஒன்று. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. அப்படி வைத்தது நான்தான். ஆறு வருடம் முன்பு வந்த டிஸ்க்குகள், கட்டளைகளைச் சேர்த்துக் கொடுத்தால் நின்றுபோயின. தற்காலிகமாக ஒன்று என மாற்றினேன். அந்த டிஸ்க்குகள் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. நான் எழுதிய வரி மட்டும் அப்படியே கிடக்கிறது. நெட்வொர்க் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே—

கேன்டீனில் தலைமை நர்ஸிடம் மட்டும் சொன்னேன். "அடிப் பாவி, மாத்திரை குடுக்கிறப்ப முதல் பெட், அப்புறம் இருபதாம் பெட், திரும்ப ரெண்டாம் பெட்டுன்னு ஓடினா கால் என்னத்துக்கு ஆகும்? எல்லாத்தையும் ட்ரேயில வச்சுக்கிட்டு, போற வழியில குடுத்துட்டுப் போவோம்." எனக்குப் பாடம் எடுத்த யாரும் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

மார்ச் 10, திங்கள்

காலை ஏழு மணிக்கே போய், துறைத் தலைவர் முன்னால் முப்பத்திரண்டு என மாற்றினேன். ஒரு படம் திறந்தேன். நான்கு வினாடி. மாற்றுவதற்கு முன்பும் அதே நான்கு. "ஒண்ணுமே மாறலையே மேடம். பழையபடியே வச்சிடுங்க." வைத்தேன்.

மாலை: எனக்கு மூளை எங்கே போயிற்று? ஆளே இல்லாத நேரத்தில் ஒரு படம் திறந்தால் டிஸ்க்கின் கையில் இருப்பது ஒரே வேலைதானே. ட்ரேயில் ஒரே ஒரு மாத்திரை இருந்தால் எந்த வழியில் போனால் என்ன?

மார்ச் 11

"நேத்தே பார்த்தாச்சே மேடம்."

"நேத்து நான் காட்டினதே தப்பு சார். கூட்டம் இருக்கிறப்ப, பதினோரு மணிக்கு வாங்க."

வந்தார். எல்லா வார்டுகளிலும் படங்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். எண் ஒன்றாக இருக்கும்போது நாற்பத்தோரு வினாடி. மாற்றினேன்: பதினேழு. அவர் நம்பவில்லை; நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். மறுபடி ஒன்றுக்குத் திருப்பினேன்: முப்பத்தொன்பது. மீண்டும் முப்பத்திரண்டு: பதினெட்டு. அதற்குள் எலும்பு மருத்துவர் போனில்: "என்னமோ பண்றீங்க. நல்லாயிருக்கு, கெட்டுப்போகுது, நல்லாயிருக்கு. தயவுசெஞ்சு இதோட கையை எடுத்துடுங்க."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன் போல. எதிர்வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

மார்ச் 14, வெள்ளி

வெளி நிறுவனம் வேண்டாம் என்று முடிவாயிற்று. ஆய்வகத்தின் கோப்புச் சேமிப்பையும் என் பிரிவே பார்க்க வேண்டுமாம். பராமரிப்புப் பதிவேட்டில் காரணம் எழுதும் இடத்தில், 'ஆறு ஆண்டுகளாக நீடித்த இந்தத் தவறு என்னுடையது' என்று எழுதினேன். துறைத் தலைவர் எட்டிப் பார்த்தார். "இதையெல்லாம் எழுதணுமா மேடம்?"

"எழுதணும் சார்."

கொட்டை எழுத்தில் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.