கேட்கத் தெரியாத கேள்வி

பெப்ரவரி 11, 2025

இன்று எங்கள் கடல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு பூவல்லா வந்தது. முகத்துவாரத்து மீனவர் பிறெடி வாளியில் கொண்டுவந்து வைத்தார். எட்டுக் கை உள்ள இதை ஊரில் பேய்க்கணவாய் என்போம். இங்கே தமிழரும் சிங்களப் பெயரைத்தான் சொல்கிறார்கள். வாளியை மூடிய பலகைக்கு மேல் ஒரு கருங்கல். "கல்லு வைக்காட்டி நமக்கு முந்தி இது இறங்கிப் போயிரும் மிஸ்" என்றார்.

தொட்டியில் விட்டதும் மூலையில் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. இத்தனை வருடமாக இந்த ஆய்வுகூடத்தில் மீன் தொட்டிகளைப் பராமரிக்கிறேன். மீன் பார்ப்பது வேறு, இது பார்த்தது வேறு. ஷிஹான் சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டார். போன வருடம்தான் அவுஸ்திரேலியாவில் படித்துவிட்டு இங்கே ஆராய்ச்சியாளராக வந்தவர். பூவல்லாவின் நரம்பணுக்களில் பெரும்பங்கு கைகளில்தான் இருக்கிறதாம், ஒவ்வொரு கையும் பாதி தன்பாட்டில் யோசிக்குமாம்.

வெள்ளவத்தைக்கு வந்து சேர இருட்டிவிட்டது. என் மனுசன் ராகுலனிடம் இதையெல்லாம் சொன்னேன். "பிறகு" என்றார்.

போன ஜூனில் பக்கவாதம் வந்தபின் அவரிடம் மிஞ்சிய ஒரே சொல் அது. பசிக்குதோ? பிறகு. நோகுதோ? பிறகு. நீதிமன்றத்தில் மூன்று மொழிகளுக்கு நடுவில் நின்று, சாட்சி சொன்னதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் மாற்றிச் சொன்ன மனிதர்.

பெப்ரவரி 20

கிருலப்பனையிலிருந்து புவனம் மச்சாள் வந்தார். ராகுலனின் அக்கா. வத்தளையில் ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நிலமட்டத்தில் அறைகள், பின்னால் வளவு, நல்ல மனிதர்கள் என்றார். பகலில் ராகுலனைப் பார்த்துக்கொள்ளும் றஸ்மியா நோன்புப் பெருநாளோடு வேலையை விட்டு நிற்கப்போகிறா, மகளுக்குப் பிள்ளைப்பேறு. அதற்குப் பிறகு என்ன செய்வாய் என்று மச்சாள் கேட்டார்.  எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை.

ராகுலன் முன்னாலேயே இதெல்லாம் கதைக்க வேண்டாம் என்றேன்.

"அவனுக்கு என்ன விளங்கப்போகுது, தனு? அந்தப் பேச்சுப் பயிற்சிப் பிள்ளையும் எழுதிக் குடுத்திட்டுத்தானே போனவ."

உண்மைதான். அந்தப் பெண் கோப்பை, குடை, பூனை என்று பட அட்டைகளைப் பரப்பிவைத்துக் காட்டச் சொன்னாள். மூன்று தடவை வந்தாள். அவர் ஒன்றையும் காட்டவில்லை.

மார்ச் 4

நாகேந்திரம் செத்துப்போனார். நீதிமன்றத்தில் ராகுலனோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். மத்தியானம் ஒரே பார்சலைப் பிரித்து இருவரும் தின்ற காலம் உண்டு. மச்சாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார், மாரடைப்பாம், நேற்றே எரித்துவிட்டார்களாம்.

பின்னேரம் முழுக்க ராகுலன் அழுதார். சத்தமில்லாமல், வாய் கோணி, நிற்காமல். டொக்டருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். பக்கவாதத்துக்குப் பிறகு காரணமில்லாமல் அழுகை வரும், பயப்பட வேண்டாம் என்று குளிசை ஒன்றின் பெயர் சொன்னார். கொடுத்தேன். நித்திரையாகிவிட்டார்.

மார்ச் 12

வெள்ளைப் பந்தைத் தொட்டால் நண்டு, கறுப்பைத் தொட்டால் ஒன்றுமில்லை. இதுதான் ஷிஹானின் பரிசோதனை. இத்தனை நாளும் பூவல்லா இரண்டையும் தொடவில்லை. பந்தை இறக்கினாலே தொட்டியில் வைத்த மண்பானைக்குள் போய்ச் சுருண்டுவிடும். இதற்கு ஒன்றும் ஏறாது என்று பணிப்பாளர் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை தொட்டிக்கு மேலிருந்த விளக்கு பழுதாகிவிட்டது. யன்னல் வெளிச்சம் மட்டும். பூவல்லா வெளியே வந்தது. கறுப்பைத் தடவிப் பார்த்தது. வெள்ளையைத் தடவியது, நண்டு கிடைத்தது. மத்தியானத்துக்குப் பிறகு கறுப்பின் பக்கமே போகவில்லை.

ஷிஹான் தன் குறிப்புக் கொப்பியின் பழைய பக்கங்களைப் புரட்டினார். பிறகு சொன்னார்: "கண்ணுக்குள்ள வெளிச்சத்த அடிச்சிக்கிட்டு, அதுக்கு விளங்கல்லண்டு எழுதி வச்சிருக்கிறம் மிஸ். எங்களுக்குத்தான் கேக்கத் தெரியல்ல."

பஸ்ஸில் வரும்போது அந்தப் பட அட்டைகள் ஞாபகம் வந்தன. அவருடைய கதிரைக்கு இடப்பக்கம் சுவர். அந்தப் பெண் வலப்பக்கம் இருந்துதான் அட்டை காட்டினாள். நானும் வலப்பக்கம் இருந்துதான் சோறு தீத்துகிறேன், கதைக்கிறேன். வலப்பக்கப் பார்வை போயிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் சொன்னாரே. சொன்னார்தானே? நான் ஏன் அதைக் காதில் போடவில்லை?

மார்ச் 13

கதிரையை மற்றப்பக்கம் திருப்பினேன். இடப்பக்கத்தில் போய் இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

மார்ச் 19

நடந்ததை இப்போதே எழுதிவிட வேண்டும்.

தண்ணீர் வெட்டுப் பற்றி மாடிக் கட்டடக் குழுவிலிருந்து சிங்களத்தில் ஒரு அறிவித்தல் துண்டு வந்தது. றஸ்மியாவுக்குச் சிங்களம் வாசிக்க வராது. நான் அவருக்குப் பக்கத்தில், இடப்பக்கத்தில், இருந்து வாசித்துத் தமிழில் சொன்னேன். பதாதா என்று போட்டிருந்ததை, ஏதோ யோசனையில், செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டேன்.

கதிரைக் கையில் படாரென்று ஒரு அடி. அவருடைய இடக்கை. திரும்பிப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது.

"பிறகு" என்றார், கோபமாக.

துண்டைத் திரும்ப வாசித்தேன். பதாதா. புதன். "புதன்கிழமை" என்றேன். கை அடங்கியது.

 பேப்பரை எடுத்து ஒரு சிங்களச் செய்தியை வேண்டுமென்றே பிழையாகத் தமிழாக்கினேன். தட்டினார். சரியாகச் சொன்னேன், பேசாமல் இருந்தார். ஆங்கிலத்திலிருந்து ஒன்று பிழையாக. தட்டினார். 'குற்றவாளி' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'சந்தேகநபர்' என்று சொல்லிப் பார்த்தேன், சின்னப் பிழைதானே என்று. அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பலமாகத் தட்டினார்.

றஸ்மியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவா, அவர்கள் பேச்சில் அக்கா. "நான் சொன்னேனே தாத்தா, அவருக்கு எல்லாம் விளங்கும்டு" என்றா. சொன்னவதான். அன்புக்குச் சொல்கிறா என்று நினைத்தேன்.

ஒன்பது மாதம் அந்த மனுசன் உள்ளுக்கு முழிச்சுக்கொண்டு இருந்திருக்கிறார். நாங்கள் கதவைப் பூட்டிப்போட்டு வெளியில நிண்டு கதைச்சிருக்கிறம்.

மார்ச் 20

அவரிடம் நேராகச் சொன்னேன். நாகேந்திரம் காலமாகிவிட்டார், மார்ச் மூன்றாம் தேதி எரித்தார்கள். கையால் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு அழுதது அதற்குத்தானா என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. கூட்டாளிக்காக அழுத மனிதருக்குக் குளிசை கொடுத்து நித்திரையாக்கினேன்.

 ரயில் போனது. அவர் என் விரலைப் பிடித்தார்.

மார்ச் 23

ஞாயிறு. மச்சாளை வரச்சொல்லி எல்லாம் காட்டினேன். முதலில் நம்பவில்லை, நாய்க்கும்தான் குரல் விளங்கும் என்றார். பிழையான வசனங்களுக்கு அவர் தட்டத் தட்ட மச்சாளின் முகம் மாறியது. இவர் முன்னால் என்னவெல்லாம் கதைத்தேன் என்று எண்ணிப் பார்த்திருப்பார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வெற்றி போதவில்லை. வத்தளைக் கதை இனிமேல் எழும்பக்கூடாது என்று நினைத்தேன்.

"நீங்கள் இந்த வீட்டிலதான் இருக்கப்போறியள்" என்றேன்.

தட்டினார்.

விளங்கவில்லையோ என்று நினைத்து மெதுவாக இன்னொருமுறை சொன்னேன். தட்டினார்.

"வத்தளை இல்லத்துக்குப் போகப்போறியள்."

கை அசையவில்லை.

சிங்களத்தில் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன். வசனத்தை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒவ்வொரு முறையும் அதே பதில். கடைசியில் அவர் என்னைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சாள்தான் அழுதார். இத்தனை நாளும் அனுப்பு அனுப்பு என்று நின்றவர், "நான் கதைச்சதைக் கேட்டுத்தானே தம்பி இப்பிடிச் சொல்றாய்?" என்று அவர் காலடியில் இருந்து கேட்டார். அதற்குத் தட்டினார். இல்லையாம்.

அப்ப ஏன்? அதைக் கேட்க வழியில்லை. ஓம், இல்லை மட்டும்தான் அந்தக் கையில் இருக்கிறது. ஏன் என்பதற்கு அதில் இடமில்லை.

மார்ச் 24

அவருக்குச் சரியாக விளங்கவில்லை. அவ்வளவுதான்.

ஏப்ரல் 2

றஸ்மியா போய்விட்டா. பெருநாளைக்குச் செய்த வட்டிலப்பம் கொண்டுவந்து அவருக்குத் தீத்திவிட்டு, அவருடைய கையைத் தன் தலையில் வைத்துவிட்டுப் போனா. மூன்று கிழமை லீவு எடுத்திருக்கிறேன். காலையில் மட்டும் மேல்மாடிக்காரரை இருக்கச் சொல்லிவிட்டு பூவல்லாவைப் பார்க்க நிலையத்துக்கு ஓடிப்போய் வருகிறேன்.

பூவல்லா முட்டை இட்டிருக்கிறது. பானையின் உட்புறத்தில் வெள்ளைச் சரங்களாகத் தொங்குகின்றன. அவற்றின்மேல் தண்ணீரை ஊதிக்கொண்டே இருக்கிறது. நண்டு போட்டேன். தொடவில்லை.

ஏப்ரல் 5

சோறு அடிப்பிடித்துவிட்டது. குசினிக்குள் நின்றபடியே சுவரில் சாய்ந்து நித்திரையாகியிருக்கிறேன். அவர் கதிரையைத் தட்டித் தட்டி எழுப்பினார். வீடெல்லாம் புகை. இறங்கி ஓட அவரால் முடியாது. லிப்ட் வேலைசெய்து எவ்வளவு காலம்.

பானையைத் தேய்த்துக்கொண்டே அவரிடம் கத்தினேன். "அப்ப போங்கோவன். எல்லாரையும் விட்டிட்டுப் போங்கோ. நான் என்ன செய்யேல்ல உங்களுக்கு?"

அவர் தட்டவும் இல்லை, பிறகு என்று சொல்லவும் இல்லை.

ஏப்ரல் 9

பூவல்லாவின் தோல் வெளிறிவிட்டது. இன்றும் நண்டு கொண்டுபோனேன். உயிரோடு இருந்தால் பிடிக்காதோ என்று உரித்து, சதையைக் குச்சியில் குத்தி, பானை வாசலுக்கே நீட்டினேன். ஒரு கை வந்தது. வாங்கப்போகிறது என்று நினைத்தேன். சதையைப் பிடித்து, குச்சியோடு சேர்த்து, மெதுவாக என் பக்கமே தள்ளியது. திரும்ப நீட்டினேன். திரும்பத் தள்ளியது. கோபமில்லை. ஆனால் நிச்சயமாக.

ஷிஹான் பின்னால் நின்றிருக்கிறார். தாய்ப் பூவல்லாக்கள் இப்படித்தான், முட்டை இட்டபின் தின்னாது, குஞ்சு பொரித்ததும் செத்துவிடும், உடம்பே அப்படிச் செய்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார். நான் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தேன்.

"விட்டுடுங்க மிஸ்" என்றார். "வெள்ளைப் பந்தத் தொட்டப்போ அறிவாளிண்டு சொன்னோம். இப்ப வேணாம்ங்குது. இதையும் நம்பணும்தானே."

இது விருப்பமா, உடம்பின் கட்டளையா என்று அவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. மனிதருக்கு மட்டும் அது பிரித்துத் தெரிகிறதா? நான் அவரை வீட்டில் வைத்திருக்க நினைப்பது அன்பா, தனியாக இருக்கப் பயமா? என்னைத் தட்டிக் காட்டச் சொன்னால் எதற்குத் தட்டுவேன்?

புதன் என்று திருத்தியபோது அவருக்கு எல்லாம் விளங்கும் என்று ஊரெல்லாம் சொன்னேன். போகிறேன் என்றபோது விளங்கவில்லை என்று எழுதினேன். இந்தக் கொப்பியிலேயே, ஒரே வரியில்.

ஏப்ரல் 10

காலையில் தேத்தண்ணி கொடுத்துவிட்டு இடப்பக்கத்தில் இருந்தேன். "வத்தளைக்குக் கதைக்கட்டோ?" என்று கேட்டேன். இது வசனமல்ல, கேள்வி. தட்டினால் வேண்டாம் என்று அர்த்தம்.

தட்டவில்லை. கையைத் தூக்கி என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். கல்யாணமான புதிதில் செய்வது.

கதைத்தேன்.

ஏப்ரல் 22

மாடிக்காரர் நாலுபேர் கதிரையோடு தூக்கி இறக்கினார்கள். வாசலுக்கு வந்ததும் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு அல்லாமல் அவர் வெளியே வந்து பத்து மாதமாகிறது. வான் வண்டியில் ஏற்றும்வரை கடல் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லத்தில் கட்டில் வலப்பக்கச் சுவரோடு இருக்கவேண்டும், ஆட்கள் இடப்பக்கம் நின்று கதைக்கவேண்டும் என்று சொன்னேன். பிழையாகச் சொன்னால் தட்டுவார் என்றும் சொன்னேன். பொறுப்பான பெண் தலையாட்டினாள். 

வீட்டில் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 28

குஞ்சுகள் பொரித்துவிட்டன. தொட்டியெல்லாம் தூசி மாதிரி. ஒவ்வொரு தூசிக்கும் இரண்டு கண். பூவல்லா கடைசிச் சரத்துக்கும் தண்ணீர் ஊதிவிட்டு வெளியே வந்து தரையில் கிடந்தது. கையை உள்ளே விட்டேன். ஒரு கை வந்து என் மணிக்கட்டைச் சுற்றியது. முன்பிருந்த பிடி இல்லை.

பின்னேரம் செத்துவிட்டது. ஷிஹான் அதை வெட்டி ஆராய வேண்டும் என்றார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்றார். ஆராயட்டும். கைகளுக்குள் என்ன யோசனை இருந்தது என்று வெட்டியும் தெரியப்போவதில்லை.

மே 4

போனேன். கதிரையில் இருந்தார். கொஞ்சம் மெலிவு. அங்கே பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். தட்டவில்லை. என்னோடு வாறியளோ என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

மே 25

ஞாயிறு. பாரைமீன் குழம்பும் புட்டும் கட்டிக்கொண்டு போனேன். அறையில் அவர் இல்லை. வளவுக்குள் பார்க்கச் சொன்னார்கள்.

மீரா சாஹிப் என்று ஒரு கிழவர் அங்கே இருக்கிறார். மாளிகாவத்தைக்காரர், சீனி வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. வாய் மட்டும் ஓயாது. ராகுலன் அவருடைய தோளில் இடக்கையை வைத்துக்கொண்டு வலக்காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார். எட்டு மாதம் பயிற்சி கொடுத்தும் நடக்காத கால். கிழவரின் தோள்தான் இவருக்கு ஊன்றுபொல்லு. இவருடைய கைதான் கிழவருக்குக் கண். திருப்பம் வந்தால் தோளை ஒருபக்கம் அழுத்துகிறார், படி வந்தால் மெதுவாகத் தட்டுகிறார்.

"இப்ப ஏறணுமா தம்பி? இரிங்க, இரிங்க, நீங்க விழுந்துடாம" என்றார் கிழவர்.

படியில் இருவரும் நின்று, மூச்சு வாங்கி, ஒன்றாக ஏறினார்கள். ராகுலன் சிரித்தார். வாயின் ஒருபக்கம்தான் சிரித்தது. அதை நான் வீட்டில் ஒருநாளும் காணவில்லை. வீட்டில் நான் அவரைக் குளிப்பாட்டினேன், தீத்தினேன், துடைத்தேன். எனக்காக அவர் செய்ய நான் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அதனால்தான் போனாரோ? இல்லை, நான் நின்றபடி நித்திரையாவதைப் பார்க்கமுடியாமலோ? வளவுக்காகவோ? தெரியாது.

கூப்பிட்டால் திரும்பியிருப்பார். திரும்பினால் தோளிலிருந்து கையை எடுத்திருப்பார். சாப்பாட்டைப் பொறுப்பான பெண்ணிடம் கொடுத்தேன், கிழவருக்கும் சேர்த்து இரண்டு பேருக்குக் காணும் என்று சொன்னேன்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் என் முழங்காலில் கைவைத்து, யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டா. என் மனுசனைப் பார்க்கப் போனேன், அவர் நல்லாயிருக்கிறார் என்று சொன்னேன்.