கிருபாவதி சிஸ்டர் கேட்டு வாங்கிய ஆறு வாரம்

பிப்ரவரி 12, 2024, திங்கள்

இன்றைக்கு மலைக்கோயிலில் யார் பொங்கல் இறக்கினார்களோ தெரியாது. இருபத்தாறு வருஷத்தில் நான் இல்லாத ஒன்பதாவது நாள்.

மடைப்பள்ளியில் தேங்காய் ஓட்டுச் சில்லு உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. இரண்டு நாள் எனக்குத் தெரியவே இல்லை. சுகர் என் காலை மரக்கட்டை ஆக்கிவிட்டது. இப்போது குதிகால் பக்கம் நாலு சென்டிமீட்டர் புண். சென்னையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, பாதத்தை எடுப்பதுதான் நல்லது, மார்ச்சில் வாங்க என்றார். திரும்பும்போது ரயிலில் என் மனைவி சாய்லக்ஷ்மி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அரக்கோணம் தாண்டினதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாதம் இல்லாத சமையல்காரன் எதற்கு?

பிப்ரவரி 14

ஊர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றத்தான் போனேன். கட்டுப் போடும் அறையில் ஒரு நர்ஸ். கிருபாவதி. ஐம்பது வயது இருக்கும், குள்ளம், காதில் சின்னத் தோடு. எல்லோரும் மூக்கைத் திருப்பிக்கொள்ளும் புண்ணுக்கு மேலே குனிந்தாள். விரல்களைத் தொட்டாள், மேல்பாதத்தில் நாடி பிடித்தாள்.

"எடுக்கணும்னு தேதி குடுத்துட்டாங்களா?"

"ஆங்."

"உக்காந்துகினு இருங்க. வரேன்."

டாக்டரைக் கையோடு கூட்டிவந்தாள். சின்ன வயசுக்காரர், சூர்யபிரகாஷ் என்று பெயர். ரத்த ஓட்டம் இருக்கிறது, ஆறு வாரம் முயன்று பார்க்கலாம், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சென்னைக்குப் போய்விட வேண்டும் என்றார். தினமும் கட்டு மாற்ற வேண்டும், காலைத் தரையில் ஊன்றவே கூடாது.

ஊன்றாமல் தினமும் எப்படி வருவது என்று கேட்டேன்.

"நீங்க ஏன் வரணும்? நான் வரேன்."

பிப்ரவரி 18, ஞாயிறு

சர்ச் முடிந்து நேராக வந்தாள். வெள்ளைப் புடவை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சிலிருந்து இன்னும் இரண்டு பேரோடு, படுத்த படுக்கையாய் இருப்பவர்கள் வீடு வீடாகப் போவாளாம். யார் என்ன சாமி என்று கேட்பதில்லை.

என் அம்மா ஜம்பகம் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. கிருபாவதி தரையில் உட்கார்ந்து, என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு உடம்பே கூசியது. உள்ளேயிருந்து அம்மா குரல்:

"காலை அடுத்தவா மடியில வெக்கலாமாடா நாகேஷா?"

"அவர் வெக்கலை மா, நான்தான் வெச்சேன். சுடுதண்ணி மட்டும் கொஞ்சம் குடுங்க" என்றாள்.

அம்மாவே கொண்டுவந்தாள்.

மார்ச் 3

செத்த சதையை வெட்டி எடுக்கிறாள். வலியே இல்லை. அதுதான் பயம். இன்றைக்கு ஓரத்தில் சுருக்கென்றது. "ஆ" என்றேன். அவள் நிமிர்ந்து சிரித்த சிரிப்பை எப்படி எழுதுவது?

மார்ச் 11

கேட்டே விட்டேன். எனக்காக ஜெபம் பண்ணுவீங்களா என்று.

"தினம் காலைல உங்க பேர் சொல்லித்தான் பண்றேன். இங்க சத்தமா பண்ணலைன்னு குறையா?"

மார்ச் 25

பங்குனி உத்திரம். கூட்டம் தாங்கவில்லை, இன்னொரு சமையல்காரன் பங்காருவுக்கும் காய்ச்சல் என்று மலையிலிருந்து போன் வந்தது. ஆட்டோவில் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் அண்டா முன்னால் நின்றேன். எவ்வளவு சந்தோஷம்!

வீட்டுக்கு வந்து பார்த்தால் கட்டு முழுக்க ரத்தம்.

மார்ச் 26

திட்டுவாள் என்று நினைத்தேன். கட்டைப் பிரித்தாள், பார்த்தாள், ரத்தத்தைத் துடைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எங்க நைனா பொதட்டூர்பேட்டைல தறி நெய்ஞ்சார். இதே சுகர், இதே புண்ணு. காலை எடுத்துட்டாங்க. பதினோரு வருஷம் ஒரே மூலைல உக்காந்துகினு இருந்தார். புண்ணு வந்தப்ப யாரும் கட்டு மாத்த வரலை. அப்ப எனக்கு எட்டு வயசு, மாத்தத் தெரியலை."

ஐயோ, என்ன புத்தி எனக்கு! யார் சொன்னா நீ இல்லாம பொங்கல் வேகாதுன்னு?

மார்ச் 27

ஆறு வாரம் இன்றோடு முடிந்தது. வரமாட்டாள் என்றே இருந்தேன். வந்தாள்.

"டாக்டர் கிட்ட இன்னும் ரெண்டு மாசம் கேட்டு வாங்கியிருக்கேன். உங்களுக்காகப் பொய் சொல்லலை. நீங்க புத்தி கெட்ட வேலை பண்ணிட்டீங்கன்னுதான் சொன்னேன்."

மார்ச் 29

புனித வெள்ளி. மூன்று மணி ஆராதனை முடிந்து, வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படவில்லை வாயில். சாய்லக்ஷ்மி மோர் நீட்டினாள். சாயந்திரம் வரைக்கும் இல்லை மா என்றாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் கிருத்திகைக்கு இருப்பேன். நாக்கு வறண்டு போகும். கொஞ்சம் சாஞ்சு உக்காரு, அப்புறமா அவன் காலைப் பார்."

தன் பாயை விரித்துக் கொடுத்தாள். என் அம்மா!

ஏப்ரல் 21

புண் இப்போது கொண்டைக்கடலை அளவு. ஸ்கேல் வைத்து அளந்தாள்.

மே 20

மூடிவிட்டது. டாக்டர் சூர்யபிரகாஷ் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். எடுக்க வேண்டாம். சாய்லக்ஷ்மி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

கிருபாவதி மட்டும் கறாராக, இனி ஜென்மத்துக்கும் வெறுங்கால் கூடாது என்றாள். அப்படியென்றால் மடைப்பள்ளி இல்லை. கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியவில்லை.

ஜூன் 14

கோயில் ஆபீசில் கேட்டேன். அடிவாரத்தில் உக்கிராண அறையில் அரிசி பருப்பு நிறுத்துக் கொடுக்கும் வேலை. அங்கே செருப்பு போட்டுக்கொள்ளலாம். சரி என்றேன்.

கிருபாவதியை ஆர்.கே.பேட்டை பக்கம் மாற்றிவிட்டார்களாம். சொல்லிக்கொண்டு போகக்கூட நேரமில்லை போல.

ஜூலை 10, புதன்

லீவு போட்டுவிட்டு ஆர்.கே.பேட்டைக்கு டவுன் பஸ் ஏறினேன். அம்மா முறுக்கு கட்டிக் கொடுத்தாள்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் பெஞ்சு நிறைய ஆட்கள். நான் போய் நின்றதும் கிருபாவதி என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். "செருப்பு இறுக்கமா இருக்குது, மாத்துங்க" என்றாள். அவ்வளவுதான். வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

அவள் முன்னால் வேணு என்று ஒருத்தர், தறிக்காரர், அறுபது இருக்கும், காலில் இதே புண். "எடுத்துத் தொலைங்கம்மா, இதுக்கு மேல யாரு பாப்பாங்க" என்று அழுதுகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டாள்.

"நாகேஷ், இங்க வாங்க. காலைக் காமிங்க."

அத்தனை பேர் முன்னாலும் செருப்பைக் கழற்றி, ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்தேன். வேணு கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். தழும்பை விரலால் தடவினார். பிறகு உள்ளங்கையை முழுசாக வைத்துப் பார்த்தார்.

"வெதுவெதுன்னு இருக்குதே. எப்டி வந்தீங்க?"

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்துதாங்க."

இனி புதன்கிழமை அந்த ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கு வார லீவு வேண்டும் என்று கோயில் ஆபீசுக்கு எழுதி வைத்திருக்கிறேன்.