பாப்பாவுக்கு எட்டாத குழல்

மாமா,

கேப்பைக் களி அடுப்பு மேல இருக்குது, கருவாட்டுக் குழம்பு பக்கத்துல மூடி வெச்சிருக்கேன். கோவத்தைச் சோத்து மேல காட்டாதீங்க.

பாப்பா ஸ்கூல் வுட்டு வந்ததும் ஊதிப் பழகணும். புல்லாங்குழல் கிளாஸ் எடுக்கிற திண்டிவனம் சார் பார்த்துக் கொடுத்த சின்னக் குழல் டிவி பக்கத்துல இருக்குது. மல்லாட்டையை ஓடு உரிச்சித் தின்ன வாயோட ஊத வுடாதீங்க, கொப்பளிக்கச் சொல்லுங்க. ஊதி முடிச்சதும் குச்சியில துணி சுத்தி உள்ள இருக்கிற ஈரத்தைத் துடைங்க. வண்டியில போட்டுக்கினு சுத்தாதீங்க, வெயில்ல மூங்கில் வெடிச்சிடும்.

நீங்க வாங்கியாந்த பெரிய குழலை இன்னைக்கு வேலைக்குப் போகும்போது விழுப்புரம் கடையில திருப்பிக் கொடுத்துடறேன். வளர்ற புள்ளைன்னு பெருசா எடுக்க அது என்ன யூனிஃபார்மா? அவ விரலு ஓட்டைக்கு எட்டவே இல்ல. அதைச் சொன்னதுக்கா ரெண்டு நாளா மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினு இருக்கீங்க?

இளவரசி

பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து இதை எழுதறேன். பஸ் போயிடுச்சு, போவட்டும். பெரிய குழலை பீரோ மேலயே வெச்சிட்டேன். காலையில மோட்டார் கொட்டாய்ல ஒளிஞ்சிக்கினு ஊதுனீங்களே, நான் பார்த்துட்டேன்; பஸ்ஸுக்கு நிக்கும்போது அதேதான் ஞாபகம். உங்க விரலுக்கு எல்லா ஓட்டையும் சரியா மூடுது, சத்தம்கூட வருது.

ஞாயித்துக்கிழமை கிளாஸுக்கு ரெண்டு பேர் வர்றாங்கன்னு சாருக்குப் போன் பண்ணிட்டேன். வளர்ற புள்ளை யாருன்னு எனக்கு இப்பதான் தெரிஞ்சுது.