எந்தப் பேப்பர்?

பிரஜின்,

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் நேராகச் சொல்வதில்லை. திங்கட்கிழமை பேப்பர் போடப் போகிறேன் என்று நீ போனில் சொன்னது என் காதில் விழுந்தது. வீட்டு லோன் கழுத்தைப் பிடிக்கிறது, அதனால் கழக்கூட்டத்தில் இருக்கும் உன் கம்ப்யூட்டர் ஆபீசுக்குப் போகும் முன்னே வீடு வீடாகப் பேப்பர் போடப் போகிறாயாக்கும் என்று நினைத்து, என் சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்து வைத்தேன். டீக்கடையில் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். வேலையை விடுவதற்குத்தான் அந்தப் பேர் என்று உன் பெண்டாட்டி இன்று காலையில் சொல்கிறாள்.

மேனேஜர் உன்னை மனுஷனாக மதிக்கவில்லையாம். என்னை எந்தக் காண்ட்ராக்டர் மதித்தான்? மதிப்பைக் கொண்டுபோய் பேங்கில் கட்ட முடியுமா?

மரச்சீனிக் கிழங்கு அவித்து மூடி வைத்திருக்கிறேன், மீன்கறி அடுப்பில் இருக்கிறது. மூன்று நாளாக நீ சரியாகச் சாப்பிடவில்லை. தின்றுவிட்டுப் போ. சாவி மீட்டர் பெட்டிமேல்.

வேறு வேலை கிடைக்கும் என்கிறாய். எனக்கு நம்பிக்கை இல்லை. வாட்ச்மேன் டூட்டிக்கு நேரமாச்சு, போகிறேன்.

அப்பா

சைக்கிளை விட்டுவிட்டு நடந்தே போகிறேன். அந்தப் பேப்பரைப் போட்ட பிறகு இந்தப் பேப்பர் போட அது உனக்கு வேண்டி வரும்.