‘இழுங்கடி!’ என்று ஆகாயத்தில் கத்தினேன், அம்மா

என் செல்ல அம்மா,

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாள் இல்லாமல் இப்போது என்ன கடிதம் என்று கேட்பாய். பெரிய சேதி இருக்கிறது. போன வாரம் நான் வேலை பார்த்த விமானம் நடு ஆகாயத்தில் ஆபத்தில் மாட்டியது. பதறாதே, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பாதிக் காரணம் நீ.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற நேரம் வந்தால், மேல் மலையில் பறிக்கிறவர்களை நீதானே கூப்பிடுவாய்? “ஏய்... நிறுக்க வாங்கடியோ!” அடுத்த மலை வரைக்கும் கேட்கும். கங்காணி உனக்கு ‘ஸ்பீக்கர்’ என்று பேர் வைத்தார். உனக்கு அதில் ஒரே பெருமை, எனக்கோ வெட்கம். அதே தொண்டை எனக்கும் வாய்த்துவிட்டதே என்று இன்னும் வெட்கம். விமானப் பணிப்பெண் பயிற்சியில் “குரலைக் குறை” என்று சொல்லிச் சொல்லியே என்னை மாற்றிவிட்டார்கள். ஊர் எது என்று யாராவது கேட்டால் “பதுளை டவுன்” என்பேன். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், பிறந்தவள் என்ற பேச்சையே எடுக்க மாட்டேன்.

முதல் முதலாக யூனிபோர்ம் போட்டு வேலைக்குக் கிளம்பிய நாள் ஞாபகம் இருக்கிறதா? விமான நிலையத்தில் அத்தனை சனத்துக்கு நடுவில் “புவனா, சாப்பிட்டியா?” என்று கூப்பிட்டாய். கூட வேலைக்கு வந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு நன்றாகவே கேட்டது, அம்மா. கேட்காத மாதிரி நடந்துவிட்டேன். அதைப் பற்றி நீ ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. தெரிந்துதான் சும்மா இருந்தாயா?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். வளைகுடாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்தோம். காலைச் சாப்பாட்டுத் தட்டுகளை அப்போதுதான் எடுத்து முடித்திருந்தோம். எனக்கு வால் பக்கத்து வேலை. பின் வரிசைகள் முழுக்க வீட்டு வேலைக்குப் போய்த் திரும்புகிற நம்ம தோட்டத்துப் பெண்கள். திடீரென்று காது அடைத்தது, உடம்பெல்லாம் சில்லிட்டது. விமானத்துக்குள் காற்றழுத்தத்தைச் சரியாக வைத்திருக்கிற கருவி பழுதாகிவிட்டது. மேலே மூடிகள் படபடவென்று திறந்து மஞ்சள் மாஸ்க்குகள் தொங்கின. விமானி வேகமாகக் கீழே இறக்கத் தொடங்கினார். ஆனால் அந்த உயரத்தில் மாஸ்க் இல்லாமல் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது, நினைவு தப்பிவிடும். அறிவிப்புச் சொல்கிற ஒலிவாங்கியை எடுத்தேன். அதுவும் வேலை செய்யவில்லை.

என் இருக்கையில் உட்கார்ந்து என் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பார்க்கிறேன், நம்ம பெண்கள் மாஸ்க்கை மெதுவாகக் கையில் ஏந்திக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தியும் இழுக்கவில்லை. பலமாக இழுத்தால்தான் அதில் பிராணவாயு வரும். ஏன் இழுக்கவில்லை என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிய்ந்துவிட்டால்? தோட்டத்துச் சாமான் உடைந்தாலும் நம்ம தலையில்தான், எசமானி வீட்டுக் கோப்பை உடைந்தாலும் நம்ம தலையில்தான். உயிர் போகிற நேரத்திலும் கம்பனிச் சாமானைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் மேல் இல்லை.

ஒரு மூச்சு நிறைய இழுத்தேன். மாஸ்க்கைத் தூக்கினேன்.

“ஏய்... இழுங்கடியோ! பிஞ்சா பிஞ்சிட்டுப் போவுது, நான் பாத்துக்கிறேன்! இழுங்கடி!”

அது என் குரலே இல்லை, அம்மா. மேல் மலையைப் பார்த்து நீ கூப்பிடுகிற அதே குரல். அத்தனை தலையும் நிமிர்ந்தது. மாஸ்க்கில் இன்னொரு மூச்சு. “கூடைக் கயித்த மாட்டுற மாதிரி தலையில மாட்டுங்க! மூக்கையும் வாயையும் மூடுங்க!” பிறகு சிங்களத்தில், பிறகு இங்கிலீஷில். வரிசை வரிசையாகக் கைகள் வெடுக் வெடுக்கென்று இழுத்தன. வாரை மாட்டுவதற்கு ஒருத்தியும் தடுமாறவில்லை. வருஷக்கணக்காகக் கொழுந்துக் கூடைக் கயிறு மாட்டிய தலைகள் அல்லவா?

சில நிமிஷத்தில் மாஸ்க் தேவைப்படாத உயரத்துக்கு வந்துவிட்டோம். பத்திரமாகக் கொழும்பில் இறங்கினோம். ஒருத்திகூட மயங்கவில்லை! முன் பக்கத்தில் வேலை பார்த்த பிள்ளைகள், என் சத்தம் அவர்களுக்கே கேட்டது என்கிறார்கள். பயணிகளை ‘டி’ போட்டுக் கூப்பிட்டதற்கு வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். மேலதிகாரி கூப்பிட்டு, புதிதாக வருகிறவர்களுக்குக் கத்தச் சொல்லிக்கொடு என்கிறார். என்னைக் குரலைக் குறைக்கச் சொன்ன அதே ஆள்!

இறங்கும்போது ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “பாப்பா, நான் மடுல்சீம தோட்டம். ஒன் சத்தத்தக் கேட்டதும் மலையில நிக்கிற மாதிரியே இருந்திச்சு. நீ எந்தத் தோட்டம்?”

“ஸ்பிரிங்வெளிக்கா. கீழ்ப் பிரிவு, எட்டாம் லயம். எங்கம்மா அங்கதான் கொழுந்து பறிச்சாங்க.”

எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். அப்போது நீ பக்கத்தில் இல்லையே என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரித்தேன்.

பொங்கலுக்கு லீவு கிடைத்திருக்கிறது. நேராக வருவேன், அம்மா, இது சத்தியம். உன்னைப் புதைத்த தேயிலை மலைக்கு மேலே ரோட்டில் நின்று, அன்றைக்கு விமான நிலையத்தில் நீ கேட்டாயே, அதற்குப் பதில் சொல்வேன். அடுத்த மலையில் பறிக்கிறவர்களும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொல்வேன்.

“அம்மா... சாப்பிட்டேன்!”

ஸ்பிரிங்வெளி ஸ்பீக்கரின் மகள்,
புவனா