இடது பக்கம்

பாப்பாவுக்கு,

கேம்ப் முடியற வரைக்கும் நான் கோச், நீ பிளேயர், அம்மா மக பேச்சு கிடையாதுன்னு நாமதான் பேசி வச்சோம். அதான் இதை எழுதி உன் ஷூவுக்குள்ள வைக்கிறேன்.

டீமைப் பத்திச் சொல்றேன். கோல்கீப்பர் பெனிஷா உயரமா வர்ற பந்துக்குப் பயப்படுறா, அதைச் சரி பண்ணிடலாம். இடது பக்கம்தான் ஓட்டை. காரைக்கால் டீம் அந்த வழியாதான் உள்ள வரும். பின்னால நிக்க வேண்டிய சரிதா எப்பவும் முன்னாலயே கிடக்கிறான்னு பத்து நாளா அவளைத் திட்டினேன். தண்டனையா கிரவுண்டைச் சுத்தி ஓடவும் விட்டேன். காரணம் சொல்லித் தப்பிக்கப் பார்க்காம ஓடினா, அந்த வீராம்பட்டினத்துப் பொண்ணு.

இன்னிக்குப் பந்தைப் பார்க்காம உன்னை மட்டும் பார்த்தேன். இடது பக்கம் முன்னால நீ ஓட வேண்டியதையும் சேர்த்து அவதான் ஓடுறா. முட்டியில கட்டியிருக்கிற பேண்டேஜை மறைக்கத்தானே இந்த வெயில்ல பேன்ட் போட்டு ஆடுற?

எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, என்னைத் தவிர. இப்படி ஒருத்தியை ஒருத்தி தாங்குறதுதான் இந்த டீமோட பலம்னு இப்பதான் புரியுது.

நாளைக்கு ஒட்டப்போற டீம் லிஸ்டுல உன் பேரு இருக்காது. சரிதாகிட்ட நானே மன்னிப்புக் கேட்டுக்கிறேன். ஒன்பது மணிக்கு எலும்பு டாக்டர்கிட்ட போறோம். நீ அழுதாலும் போறோம்.

சாரம் ஏரியாவுல இருக்கிற நம்ம வீட்டு மாடிப்படி ஏறும்போது தினம் நீதான் எனக்குக் கை கொடுக்குற. உன் வயசுல நானும் முட்டி வலியை மறைச்சுதான் ஆடினேன். என் பேரை யாரும் லிஸ்டுல இருந்து எடுக்கல.

அம்மா